பிள்ளைகள் எங்கே?

நத்தாருக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம் எம்மவர்க்கு ஒரு விசித்திரமான வாரம். தொழிற்சாலைகள் பல கதவடைத்து விடுகின்றன. பாடசாலைகளும் இல்லை. ஆண்டு முழுவதும் மாறி மாறி வேலைக்குச் சென்று, மாடிப்படியில் மாத்திரம் சந்தித்துக்கொண்ட கணவனும் மனைவியும் திடீரென ஒரே வேளையில் ஒரே வீட்டில் இருக்க நேர்ந்து விடுகின்றது. நேர்ந்ததும் என்ன செய்வதென்று அறியாது தடுமாறிப் போகின்றோம். ஒருவர் மலிவு விற்பனையில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கவென்று விடிகாலையிலேயே வரிசையில் நிற்கச் சென்று விடுவார். மற்றவர் யாரோ வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்கு இருநூறு வடை சுட்டுத் தருவதாக வாக்களித்திருப்பார். வாரம் கழிந்துவிடும். அவரவர் மீண்டும் வேலைக்குத் திரும்புவர்.

அத்தகைய ஒரு வாரத்தில், 2019 டிசம்பரில், நானும் என் மனைவியும் கனடாஸ் வொண்டர்லாண்ட் களியாட்டப் பூங்காவுக்குச் சென்று வந்ததையே இவ்வாரம் எழுத எடுத்துக்கொண்டேன். வீட்டு விடயங்களைப் பத்திரிகையில் எழுதுவது முறையோ என்று வாசகர் சிலர் வினவக்கூடும். மனைவியிடம் அனுமதி பெற்ற பின்னரே எழுதுகின்றேன். "எழுதிறதெண்டால் குக்கர் கதையையும் எழுதுங்கோ. இல்லாட்டி ஒண்டும் எழுதாதேங்கோ" என்பது அவர் விதித்த நிபந்தனை. அக்கதை பின்னர் வரும்.

டோர்செட் பார்க்கில் வாழும் தமிழருக்கு வொண்டர்லாண்டை அறிமுகம் செய்யவேண்டிய அவசியமில்லை. 1981 மே மாதம் 23ஆம் நாள் ரொறன்ரோவுக்கு வடக்கே வோன் நகரில் அது திறக்கப்பட்டபோது இந்நாட்டில் எம்மவர் மிகச் சிலரே. 1983க்குப் பின்னர் வந்து சேர்ந்த எமக்கோ, 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் செல்கையில் வலப்புறத்தே தோன்றும் செயற்கை மலையாகவே அது முதலில் அறிமுகமாயிற்று. "அது என்ன மலை?" என்று வாகனத்தில் யாராவது கேட்பர். "சீமெந்து மலை, உள்ளே போகக் காசு" என்று ஓட்டுபவர் விடையிறுப்பார். உரையாடல் அவ்வளவில் முடிந்துவிடும்.

பிள்ளைகள் பிறந்த பின்னர் காசு கொடுத்து உள்ளேயும் போனோம். எமது மகன் 1996இலும் மகள் 1999இலும் பிறந்தவர்கள். 2003ஆம் ஆண்டிலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் ஒரு நாள் வொண்டர்லாண்டுக்கென்று ஒதுக்கப்பட்டது. அக்காலத்தில் பூங்காவின் பெயருக்கு முன்னால் பரமவுண்ட் என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருந்தது. 2006இல் அது கைமாறியது. வெளியிலிருந்து உணவு கொண்டுசெல்ல அனுமதியில்லை என்பதால் வாகனத் தரிப்பிடத்திலேயே புட்டுப் பொதியை அவிழ்த்து, கார்க் கதவின் மறைவில் நின்று உண்போம். எங்களுக்கு இருபுறமும் வேறு தமிழ்க் குடும்பங்கள் அதே மறைவில் நின்று அதையே உண்டுகொண்டிருக்கும்.

உள்ளே சென்ற பின்னர் எமது பணி யாது? பை காவுதல். பிள்ளைகள் ஏறி இறங்கும்வரை அவர்களின் மேலங்கிகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் சுமந்தபடி கம்பி வேலியோரம் நிற்போம். 2008இல் பெஹிமொத் என்ற ரோலர் கோஸ்டர் வந்தது. அதன் உயரம் 70 மீற்றர். 2012இல் லெவியத்தான் வந்தது. அது 93 மீற்றர் உயரத்திலிருந்து மணிக்கு 148 கிலோமீற்றர் வேகத்தில் பாய்வது. சங்கிலி வண்டியை உச்சிவரை இழுத்துச் சென்று விடுவதோடு இயந்திரத்தின் வேலை முடிந்தது என்றும், அதன் பின்னர் யாவும் பூமியின் ஈர்ப்பே என்றும் மகன் எனக்கு விளக்கினான். பௌதிகம் விளங்கியது. ஏறும் துணிவு வரவில்லை. "அம்மாவுக்குப் பயம்" என்று ஒருமுறை மகள் கேலி செய்தபோது, "நான் கிளாலியால வந்தனான், எனக்கு உது என்ன பயம்" என்றார் தாயார். உண்மைதான். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலத்தில், 1992இன் பிற்பகுதியில், இரவில் விளக்கின்றிப் படகில் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வந்தவர் அவர். ஆயினும் அன்றும் அவர் ஏறவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

2019ஆம் ஆண்டு மார்கழியில் மகன் கல்கரியில் வேலை கிடைத்துப் போயிருந்தான். மகளும் விடுமுறைக்குத் தமையனிடம் சென்றுவிட்டாள். பிள்ளைகள் இல்லாத முதலாவது நத்தார். அதுவரை குளிர்காலத்தில் மூடிக்கிடந்த வொண்டர்லாண்ட், அவ்வாண்டு முதன்முறையாக நவம்பர் பிற்பகுதியிலிருந்து குளிர்கால விழா ஒன்றை நடத்தியது. பிள்ளைகள் இருவரும் சேர்ந்து இரண்டு நுழைவுச்சீட்டுகளை வாங்கி அனுப்பிவிட்டனர். வீணாக்க மனமில்லை. காசு கொடுத்த பொருளை வீணாக்காமை எம்மவரின் பெரும் ஒழுக்கமல்லவா?

இரவில் நெடுஞ்சாலையில் வாகனம் ஓட்டுவதை நான் நிறுத்திவிட்டபடியால் பொதுப் போக்குவரத்தில் புறப்பட்டோம். எல்ஸ்மியர் நிலையத்தில் ஆர்.ரி. என்று நாம் அழைத்த சிறு ரயிலில் ஏறினோம். 1985இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் இன்று இல்லை. 2023 ஜூலையில் அதன் கடைசிப் பெட்டி தடம் புரண்டதோடு சேவை முடிவுற்றது. டோர்செட் பார்க்கில் குடியேறிய எத்தனையோ பேரை முதல் நாள் வேலைக்கு ஏற்றிச் சென்ற வண்டி அது. கென்னடியில் இறங்கிச் சுரங்க ரயிலில் மேற்கே சென்று, மாறி, வோன் வரை போய், அங்கிருந்து ஜேன் வீதி வழியே பேருந்தில் சென்றோம். ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். அவ்வளவு நேரம் அருகருகே அமர்ந்திருந்தோம். பேசுவதற்குப் பிள்ளைகளின் செய்தியைத் தவிர வேறெதுவும் எம்மிடம் இருக்கவில்லை என்பதை நான் எக்ளின்ரன் வெஸ்ட் நிலையத்தைக் கடக்கும்போதே உணர்ந்துவிட்டேன். அச்செய்தியோ அதற்கு முன்னரே தீர்ந்து போயிருந்தது.

பூங்கா வேறு கோலம் பூண்டிருந்தது. மரந்தோறும் மின்விளக்குகள். கோடையில் நீரூற்று ஆடும் தடாகம் உறைந்து பனிச்சறுக்குத் திடலாகியிருந்தது. பெரிய ரோலர் கோஸ்டர்கள் குளிருக்கு ஓய்வெடுத்து இருளில் எலும்புக்கூடுகளைப் போல நின்றன. வாயிலைக் கடந்ததும் டோர்செட் பார்க்கில் எமக்கு அறிமுகமான ஒருவர், ஐந்து சிறுவர் புடைசூழ எதிர்ப்பட்டார்.

"பிள்ளையள் எங்கை?"

"வரேல்லை."

"பேரப்பிள்ளையளோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

கேள்வியில் கேலியில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. நானும் உடனே விடை சொல்ல இயலாது விழித்தேன். நுழைவுச்சீட்டு வீணாகிவிடும் என்று ஏதோ முணுமுணுத்தேன். கோயிலுக்கு இருவராகப் போகலாம், மரண வீட்டுக்குப் போகலாம், வைத்தியசாலைக்கும் போகலாம். காரணமின்றி, மகிழ்வதற்கென்று மாத்திரம், தலை நரைத்த ஓர் ஆணும் பெண்ணும் ஓரிடத்துக்குப் போனால் எம்மவர் மத்தியில் அது விளக்கம் கோரும் காரியமாகி விடுகின்றது. அவரைக் குறை சொல்லேன். அவரிடத்தில் நான் இருந்திருப்பினும் அதையே கேட்டிருப்பேன்.

இங்கே சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். எமக்கு 1985இல் திருமணம் நடந்தது. 1987 இறுதியில் நான் தனியே இந்நாட்டை வந்தடைந்து அகதிக் கோரிக்கை செய்தேன். அகதி கோருபவரை நேரில் விசாரித்தே தீர்ப்பளிக்க வேண்டும் என்று 1985 ஏப்ரலில் சிங் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் விசாரிக்க ஆட்கள் போதவில்லை. கோப்புகள் குவிந்தன. 1989 ஜனவரி முதலாம் நாள் புதிய அகதிகள் சபை பணி தொடங்கியபோது, அதற்கு முன்னர் வந்த எம்போன்றோரின் கோப்புகள் தேங்கியவை என்று தனியே ஒதுக்கப்பட்டன. நிரந்தர வதிவிட உரிமை கிடைக்கும்வரை மனைவியை அழைக்க வழியில்லை. என் கோப்பு தன் முறைக்குக் காத்திருந்தது. அவர் அங்கே காத்திருந்தார். 1993 ஜனவரியில் விமான நிலையத்தில் அவரைக் கண்டபோது, ஐந்து ஆண்டுகளாகப் புகைப்படத்தில் பார்த்த முகத்துக்கும் எதிரே நின்ற முகத்துக்கும் இடையில் ஒரு கணம் நான் தயங்கியதை அவர் கவனித்துவிட்டார். அதனை அவர் எனக்குச் சொன்னது வெகுகாலத்தின் பின்னர்.

கென்னடி வீதியோரத் தொடர்மாடி ஒன்றில் ஓர் அறையுள்ள வீடு. எனக்கு மிட்லண்ட் வீதிப் பக்கம் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுதல். அவருக்குப் பிற்பகலில் பொதி கட்டும் வேலை. நாம் பேசிக்கொண்டது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிய காகிதத் துண்டுகள் மூலமே. "சோறு குக்கரில். கறி மேல்தட்டில்." "வாடகை கொடுத்தாயிற்று." கோடை வந்ததும் வொண்டர்லாண்டுக்கு அழைத்துச் செல்வதாக அப்படியொரு காகிதத்தில்தான் நான் வாக்களித்தேன். அந்தக் கோடையும் போயிற்று. அடுத்ததும் போயிற்று.

பூங்காவில் ஒரு பழைய குதிரை இராட்டினம் உண்டு. 1928இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நிறுவனம் ஒன்று செய்தது. மரத்தில் கையால் செதுக்கிய குதிரைகள், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு முகம். அதன் அருகே மனைவி நின்றுவிட்டார்.

"இஞ்சாருங்கோ, உதில ஏறுவமே?"

"நீர் ஏறும். நான் பையை வைச்சிருக்கிறன்."

"பைக்குள்ள என்ன கிடக்கு?"

திறந்து பார்த்தேன். ஒரு தண்ணீர்ப் போத்தலும் இரண்டு தோடம்பழங்களும். பிள்ளைகள் இல்லாத பை. அதனைத் தோளில் மாட்டியபடியே ஏறினேன். அவர் ஒரு வெள்ளைக் குதிரையில். நான் அதற்கடுத்த பழுப்பு நிறத்ததில். இசை தொடங்கி, குதிரைகள் ஏறியும் இறங்கியும் சுழன்றன. அவர் மேலெழும்போது நான் கீழே. யாழ்ப்பாணம் முற்றவெளிக் கார்னிவலில் சிறுவயதில் தந்தையார் தன்னைக் குதிரையில் ஏற்றியதாகவும், அதன் பின்னர் இன்றுதான் என்றும் இறங்கியதும் சொன்னார். முப்பத்துநான்கு ஆண்டுத் திருமண வாழ்வில் நான் கேள்வியுறாத செய்தி.

தும்புமுட்டாஸ் ஒன்றும் சூடான கொக்கோ இரண்டும் வாங்கி ஒரு வாங்கில் அமர்ந்தோம். அப்போதுதான் குக்கர் கதை வந்தது.

"தொண்ணூற்றி நாலு மாசியில ஒரு நாள் நான் திரும்பிப் போக வெளிக்கிட்டனான்."

"எங்கை?"

"கொழும்புக்கு, மாமா வீட்டை. டிக்கற் காசு மாப்பேணிக்குள்ள சேர்த்து வைச்சிருந்தனான். போறன் எண்டு எழுதி, பிறிட்ஜில ஒட்டியும் போட்டன். சப்பாத்துப் போட்டாப் பிறகுதான் குக்கரை நிப்பாட்டேல்லை எண்டு ஞாபகம் வந்தது. நிப்பாட்டப் போனன். அதுக்குள்ள கீழ லிப்ற் கதவு திறக்கிற சத்தம். நீங்கள் வந்திட்டியள். துண்டைக் கிழிச்சு எறிஞ்சிட்டன்."

"நான் என்ன செய்தனான்?"

"சாப்பிட்டிட்டுப் படுத்திட்டியள்."

குரலில் கோபமில்லை. வேறொருவர் வீட்டுக் கதையைச் சொல்வதுபோற் சொன்னார். ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லுறதுக்கு நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?" என்றார்.

வாசகர்களே, 1994ஆம் ஆண்டை நான் இன்றுவரை எமது நல்ல ஆண்டுகளில் ஒன்றாகவே கணக்கிட்டு வந்திருந்தேன். பயண முகவருக்குக் கொடுக்கவேண்டிய கடனின் கடைசித் தவணையைக் கட்டியது அவ்வாண்டு. தங்கையின் திருமணத்துக்குப் பணம் அனுப்பியது அவ்வாண்டு. வாரத்துக்கு எழுபது மணி நேரம் வேலை செய்தேன் என்பதை நண்பர்களிடம் பெருமையோடு கூறியிருக்கின்றேன். கூறும்போது மனைவியும் அருகில் இருந்து தேநீர் பரிமாறியிருக்கின்றார். ஒரே சமையலறையில் இருவர் எழுதிவந்த இரு கணக்குப் புத்தகங்கள். அவருடையதை நான் திறந்து பார்த்ததேயில்லை. அந்த மாசி நாளை எவ்வளவோ முயன்றும் என்னால் நினைவுக்குக் கொண்டுவர இயலவில்லை. அன்று சோற்றோடு என்ன கறி என்பது கூட அவருக்கு ஞாபகமிருக்கின்றது. கத்தரிக்காய்ப் பால்கறி.

மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் எம்மவர் வீடுகளில் பழக்கமில்லை. கொக்கோ ஆறிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்து பூங்கா திறக்கப்படவேயில்லை. முதியோர் இல்லத்தில் பணிபுரிந்த அவர் வீட்டுக்கு வந்தும் தனி அறையில் உறங்கினார். அப்போது கதவுக்கு இப்பாலிருந்து நாம் பேசிக்கொண்டவை, எல்ஸ்மியரிலிருந்து வோன் வரை பேசாதவற்றிலும் மிக அதிகம். ஆனால் அது வேறு வாரத்துக்குரியது.

"கடைசி பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

"இன்னும் நேரம் கிடக்கு."

"அப்ப இன்னொருக்கா ஏறுவம்."

வரிசையில் போய் நின்றோம். ஐந்து சிறுவரோடு முன்னர் எதிர்ப்பட்ட நண்பரும் அங்கே நின்றார். எம்மைக் கண்டு தலையசைத்தார், இம்முறை ஒன்றும் கேட்கவில்லை. எமது முறை வந்தபோது அந்த வெள்ளைக் குதிரையில் ஒரு சிறுமி ஏறி அமர்ந்துவிட்டாள். பக்கத்தில் வேறு குதிரைகள் காலியாக இருந்தன. மனைவிக்கு அவை பிடிக்கவில்லை. அடுத்த சுற்றுவரை காத்து நின்றோம்.