பதினெட்டாயிரம் ரூபாய் மூளையும் பத்து ரூபாய் ஃப்யூஸும்!

கார் டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் முதலில் செய்தது, அதன் மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டிவிடலாமா என்று யோசித்தது. இரண்டாவதாகச் செய்தது, மனைவியிடம் ‘‘அது ஒண்ணுமில்லம்மா, சும்மா எரியுது’’ என்று சொன்னது.

‘‘சும்மா எரியறதுக்கு அது என்ன சாமி விளக்கா?’’ என்றாள். ஒன்பதாவது மாதம். அந்த மாதத்தில் பெண்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது.

என் கார் 2014 மாடல். எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டி, அலுத்து, விற்றது. அதை வாங்கியதே பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகத்தான். அர்த்தராத்திரி ஆட்டோவுக்கு அலைய முடியுமா? டாக்டர் தேதி குறித்துக் கொடுத்துவிட்டார். பீரோவில் ஒரு கவரில் நாற்பதாயிரம் ரூபாய். கவரின் மேல் அவள் கையெழுத்தில் ‘தொடக்கூடாது’ என்று எழுதியிருந்தது. எனக்காகவே எழுதியது.

தெருக்கோடி மெக்கானிக்கிடம் காட்டினேன். பத்து நாள் முன்னால்தான் அவர் ஆயில் மாற்றி, ஏர் ஃபில்டர் மாற்றிக் கொடுத்திருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். ஸ்கேனர் விழிக்கவே இல்லை. கழற்றிச் செருகினார். ஊதினார். ஊஹும்.

‘‘சார், ஸ்கேனர் எடுக்கல. ஈ.சி.எம். போயிருச்சு. வண்டியோட மூளை சார் அது. பழசு கிடைச்சா பதினெட்டாயிரம். புதுசுன்னா கேக்காதீங்க.’’

நாற்பதில் பதினெட்டு போனால் இருபத்திரண்டு. மனைவி முகத்தை நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

எங்கள் ஃப்ளாட்டில் மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர். ரயில்வேயில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ரிட்டயரானவர். லிஃப்டில் என் மூஞ்சியைப் பார்த்தே, ‘‘என்ன தம்பி, யாராவது போயிட்டாங்களா?’’ என்றார்.

‘‘மூளை போயிடுச்சு சார்.’’

‘‘யாருக்கு?’’

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ‘‘வண்டி ஸ்டார்ட் ஆகுதா?’’

‘‘ஜம்முனு ஆகுது சார்.’’

‘‘மூளை போன வண்டி எப்படித் தம்பி ஸ்டார்ட் ஆகும்? பெட்ரோலை எப்போ பீச்சணும், எப்போ பொறி விடணும்னு சொல்றதே அதுதானே! ஸ்கேனருக்கு உசிரு வரலைன்னா, முதல்ல அந்த சாக்கெட்டுக்குக் கரென்ட் வருதான்னுதான் பார்க்கணும். பல்பு எரியலைன்னா மின்சார வாரியத்தையே மாத்துவாங்களா?’’

எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன், இது தோன்றவில்லை.

அந்த சாக்கெட்டின் கதை சுவாரஸ்யமானது. காரே தன் வியாதியைத் தானே சொல்ல வேண்டும் என்று முதலில் பிடிவாதம் பிடித்தது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம், 1988 மாடல் கார்களிலிருந்து. காரணம் புகை. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கெல்லாம் ஒரே மாதிரி பதினாறு பின் சாக்கெட் கட்டாயமாயிற்று. பெயர் ஓ.பி.டி. இரண்டு. இந்தியாவில் 2010-ல் ஓ.பி.டி. ஒன்று, 2013-ல் ஓ.பி.டி. இரண்டு. உங்கள் கார் அதற்குப் பிறகு வந்ததென்றால், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முழங்காலுக்கு மேலே கையை விட்டுத் தடவினால் பெரும்பாலும் தட்டுப்படும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியவர் மல்ட்டிமீட்டருடன் இறங்கி வந்தார். முந்நூறு ரூபாய் சமாசாரம். இருபது வோல்ட் டி.சி.யில் வைத்தார்.

‘‘சாக்கெட்டோட அகலமான பக்கம் மேல இருக்கிற மாதிரி பாரு. மேல் வரிசையில இடமிருந்து எட்டு. கீழ் வரிசையில ஒன்பதுலேர்ந்து பதினாறு. கடைசி பதினாறுதான் பாட்டரியிலேர்ந்து வர்ற பாசிட்டிவ். நாலாவது எர்த். சாவி போடாமலே இது ரெண்டுக்கும் நடுவுல பன்னிரண்டு வோல்ட் காட்டணும்.’’

மீட்டர் முனைகளைப் பக்கத்துப் பின்களில் படாமல் பூப்போலத் தொட்டார். பூஜ்யம். கறுப்பு முனையை பாடி இரும்பில் வைத்துப் பதினாறை மட்டும் தொட்டார். அப்போதும் பூஜ்யம். ஆக எர்த் மீது பழியில்லை. கரென்ட்டே வரவில்லை.

‘‘ஃப்யூஸைத் தேடு!’’

தேடினேன். ஃப்யூஸ் பெட்டி என் காரில் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் கீழே. இன்னொன்று பானெட்டுக்குள் பாட்டரி பக்கத்தில். மூடியின் உள்பக்கம் எறும்பு சைஸில் ஒரு படம். ஹாரன், வைப்பர், ரேடியோ எல்லாம் இருக்கிறது. ‘ஓ.பி.டி.’ என்று எதுவுமே இல்லை! இங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள். அநேக கார்களில் இந்த சாக்கெட்டுக்குத் தனி ஃப்யூஸ் கிடையாது. ரூம் லைட்டோடு, ரேடியோவோடு, இல்லாவிட்டால் சிகரெட் லைட்டரோடு ஒட்டுக்குடித்தனம். காரோடு வரும் புத்தகத்தில் பார்த்தால் தெரியும். என் கார்ப் புத்தகம் முதல் ஓனரோடு போய்விட்டது.

‘‘சமீபத்துல வண்டியில வேற எதாவது வேலை செய்யாமப் போச்சா?’’ என்றார் பெரியவர்.

எனக்குப் பொறி தட்டியது. மூன்று வாரமாக லைட்டர் ஓட்டையில் செல்போன் சார்ஜ் ஆகவில்லை. சார்ஜர்தான் போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி, அதுவும் வேலை செய்யாமல் கடைக்காரரோடு சண்டை போட்டிருந்தேன். அந்தக் கடைக்காரர் என்னை மன்னிப்பாராக. என் காரில் சாவியை எடுத்த பிறகும் அந்த ஓட்டையில் சார்ஜ் ஆகும். அதாவது நேரே பாட்டரியிலிருந்து வரும் லைன். பதினாறாம் பின்னும் அதே ஜாதி!

படத்தில் லைட்டர் ஃப்யூஸைக் கண்டுபிடித்தோம். நீல நிறம், பதினைந்து ஆம்பியர். இந்தக் கலரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: சிவப்பு பத்து, நீலம் பதினைந்து, மஞ்சள் இருபது, பச்சை முப்பது.

ஃப்யூஸைப் பிடுங்காமலே சோதிக்கலாம். அதன் முதுகில் இரண்டு குட்டி உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரின் கறுப்பு முனை பாடி இரும்பில். சிவப்பு முனையால் இரண்டு புள்ளிகளையும் தொட வேண்டும். இரண்டிலும் பன்னிரண்டு காட்டினால் ஃப்யூஸ் நல்லது. ஒன்றில் பன்னிரண்டு, இன்னொன்றில் பூஜ்யமென்றால் ஃப்யூஸ் அவுட். இரண்டிலுமே பூஜ்யமென்றால் அந்த இடத்துக்கே கரென்ட் வரவில்லை. சாவியைத் திருப்பி ஒரு தடவை பார்க்க வேண்டும்.

எங்களுக்கு ஒரு பக்கம் பன்னிரண்டு, மறுபக்கம் பூஜ்யம். எனக்கு லாட்டரி அடித்த மாதிரி இருந்தது.

சாவியை எடுத்துவிட்டுப் பிடுங்கிப் பார்த்தால், நடுவில் இருக்கும் கம்பி கருகி அறுந்திருந்தது. சில சமயம் கண்ணுக்குத் தெரியாமலும் அறுந்திருக்குமாம்; அப்போது மீட்டரின் பீப் சத்தத்தைத்தான் நம்ப வேண்டும். நான் உற்சாகமாக, ‘‘வீட்ல மஞ்சள் ஒண்ணு இருக்கு சார், போட்டுடலாமா?’’ என்றேன்.

பெரியவர் முறைத்தார். ‘‘ஏன், கூடவே தீப்பெட்டியும் வெச்சுடேன்! பதினஞ்சுக்குப் போட்ட ஒயர்ல இருபதைப் போட்டா, ஃப்யூஸுக்குப் பதிலா ஒயர் எரியும். பிள்ளைத்தாச்சிப் பொண்ணை உட்கார வைக்கிற வண்டிப்பா. அது சரி, ஃப்யூஸ் ஏன் போச்சு? அதைக் கண்டுபிடிக்காம புதுசு போட்டா அதுவும் போகும்.’’

லைட்டர் ஓட்டையில் டார்ச் அடித்தார். அடியில் பளபளவென்று ஒரு ரூபாய் நாணயம்! பக்கத்துக் குழியில் நான் பார்க்கிங் சில்லறை போடுவது வழக்கம். ஒன்று தவறி உள்ளே குதித்து, பாசிட்டிவையும் பாடியையும் கைகோக்க வைத்துவிட்டது. ஃப்யூஸ் வெளியே இருக்கும்போதே ஐஸ்க்ரீம் குச்சியால் நெம்பி எடுத்தோம். (ஸ்க்ரூ டிரைவர் கூடாது.) பத்து ரூபாய்க்கு நீல ஃப்யூஸ் வாங்கிப் போட்டேன். பதினாறாம் பின்னில் 12.5 வோல்ட்!

பெரியவரின் பேரன் வைத்திருந்த ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகினோம். குட்டி விளக்கு கண் சிமிட்டியது. செல்போனில் வந்து விழுந்தது பி0113. உள்ளே போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரிலிருந்து தகவல் இல்லையாம். பானெட்டைத் திறந்தால், ஏர் ஃபில்டர் பெட்டி ஓரம் அந்த சென்சாரின் க்ளிப் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபில்டர் மாற்றியவர் மாட்ட மறந்துவிட்டார். அழுத்தினேன். ‘க்ளிக்’. கோடை அழித்ததும் விளக்கு அணைந்தது. திரும்ப வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிப் போய்ப் பார்க்கலாம். விட்டு விட்டு மின்னினால் இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். உடனே ஓரம் கட்டிவிடுங்கள். அப்போது ஃப்யூஸைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். ‘‘அப்படியா சார்? நல்லதாப் போச்சு!’’ என்று மனசாரச் சிரித்தார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. மீட்டர் வைத்துப் பார்க்கிற இரண்டு நிமிஷப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். அது எனக்கும்தான் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை ராத்திரி இரண்டே கால் மணிக்கு மனைவி என்னை உலுக்கினாள். கார் ஒரே சாவியில் கிளம்பியது. பெண் குழந்தை. கவர் பணம் முழுசாக ஆஸ்பத்திரிக்கே போயிற்று.

பார்க்க வந்த பெரியவர் குழந்தை கையில் வைத்தது நூறு ரூபாய் நோட்டு. ‘‘சில்லறையாக் கொடுத்தா உங்கப்பன் கார்ல போட்டுடுவான்’’ என்றார்.