விலையும் வீரியமும்

விலை ஏறினால்தான் மருந்தில் வீரியம் ஏறும் என்று நம்மில் படித்தவர்களே பலர் நினைக்கிறார்கள. பட்டுப் புடவை விஷயத்தில் இந்த நியாயம் செல்லலாம். மருந்து விஷயத்தில் இது வெறும் அறியாமை அல்ல. ஆளைக் கொல்லக்கூடிய அறியாமை.

எனக்கு நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். டாக்டர்கள் மைலாய்டு லுக்கேமியா என்கிறார்கள். எலும்பு மஜ்ஜையின் அணுவில் 9-ஆவது குரோமோசோமும் 22-ஆவது குரோமோசோமும் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. வெள்ளணுக்கள் கணக்கில்லாமல் பெருகுகின்றன. முன்பெல்லாம் இந்த வியாதிக்காரர்களில் பலருக்குச் சில வருஷங்களே கெடு. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் மாத்திரை அந்தக் கெடுவை அழித்தது. தினம் 400 மில்லிகிராம், சாப்பாட்டோடு, பெரிய தம்ளர் நிறையத் தண்ணீருடன். காலையில் இமை வீங்கும். இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். போகட்டும். விடாமல் சாப்பிட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே முதுமை காண்கிறார்கள்.

விடாமல் என்பதுதான் இதில் முக்கியமான சொல். ஆனால் எங்கள் களியக்காவிளையில் என்னிடம் கேட்கிறார்கள்: "அண்ணாச்சி, வெளிநாட்டு மருந்து வாங்கப்படாதா? விலை கொறஞ்சதுல பலம் உண்டுமா?"

இதற்குப் பதில் நம் கோர்ட்டுகளிலேயே இருக்கிறது. மூல மருந்தை விற்ற நோவார்ட்டிஸ் கம்பெனி, அதன் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டது. 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2007-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் சட்டத்தையே எதிர்த்துப் பார்த்தார்கள், தோற்றார்கள். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. அப்போது கம்பெனி மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். நம் நாட்டில் செய்தது சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். நான் கேட்கிறேன்: நம் மாத்திரை சோப்ளாங்கி என்றால், தனி உரிமைக்காக ஏழு வருஷம் கோர்ட்டுப் படி ஏறுவானேன்?

ஆராய்ச்சிக்குக் கூலி வேண்டாமா என்பார்கள். வேண்டும். ஆனால் தெரிந்த மருந்தின் புது வடிவம், நோயைத் தீர்ப்பதில் முன்னதைவிட மேலானது என்று காட்டவேண்டும். நம் சட்டத்தின் 3(டி) பிரிவு கேட்பது அவ்வளவுதான். உடம்பு 30 சதவீதம் கூடுதலாக உறிஞ்சுகிறது என்றார்கள். உறிஞ்சுவது வேறு, குணமாக்குவது வேறு என்றது கோர்ட்.

ஏராளமான நோயாளிகளுக்கு அந்தக் கம்பெனி இலவசமாகவே கொடுத்ததே என்பார்கள். உண்மை, வாங்கியவர்கள் நன்றி சொல்லட்டும். ஆனால் ஆயுள் முழுதும் தினமும் விழுங்கவேண்டிய மாத்திரை இன்னொருவர் தயவில் தொங்கக் கூடாது. தானம் கொடுக்கிறவர் மனத்தைப் பொறுத்தது. கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய விலை, யார் மனத்தையும் பொறுத்ததல்ல.

வீரியத்தை அளக்க ஒரு வழி உண்டு. அது பில் அல்ல. இங்கிருந்து எல்லை தாண்டித் திருவனந்தபுரம் கான்சர் சென்டருக்குப் பஸ் ஏறிப் போகிறவர்களைக் கேளுங்கள். குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒரு முறை ரத்தத்தில் அந்தக் கெட்ட மரபணு எவ்வளவு மிச்சம் என்று கணக்கெடுக்கிறார்கள். மாத்திரையின் விலை அந்தப் பரிசோதனைக்குத் தெரியாது. மாத்திரை வேலை செய்ததா என்பது தெரியும்.

அலமாரியில் இருக்கும் லட்ச ரூபாய் மருந்து யாரையும் பிழைக்கவைத்ததில்லை. மாதம் தவறாமல் வாங்க முடிகிற மருந்துக்குத்தான் வீரியம்.