புத்தி சொல்லப் போன நாலு பேர்

“நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” என்று ஊரில் பயப்படுவார்கள் இல்லையா, அந்த நாலு பேர் நாங்கள்தான். சின்னசேலத்தில் பிறந்து, இங்கேயே சம்பாதித்து, இங்கேயே வீடு கட்டி, சாயங்காலமானால் ரயில் நிலைய பெஞ்சில் காற்று வாங்க உட்காருகிறவர்கள். ஒருவர் அரிசி ஆலையில் கணக்குப் பார்த்தவர். ஒருவர் வாத்தியார். ஒருவருக்கு உரக்கடை. நாலாவது ஆள் இதை எழுதுகிறேன். மற்ற மூவருக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் அடித்துவிடச் சொன்னார்கள். அடிக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான். ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வராமல் மரச்சிற்பப் பட்டறைக்குப் போய்விடுவான். முதலில் உப்புத்தாள் தேய்க்க விட்டார்கள். பிறகு ஒரு உளியைக் கையில் கொடுத்தார்கள். வருடம் திரும்புவதற்குள் வாகைப் பலகையில் யாளி முகம் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டான். பல் வரிசை மட்டும் கொஞ்சம் கோணல். அவன் அப்பா அந்தப் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். மகன் செய்ததைக் காட்டிப் பெருமைப்படத்தான் வருகிறார் என்று நினைத்தோம். “நீங்க நாலு பேரும் வந்து அவனுக்குப் புத்தி சொல்லணும்ணே” என்றார்.

போனோம். காபி குடித்தோம். புத்தி சொன்னோம். “கொட்டாப்புளி புடிச்சவன் எவன்டா மாடி வீடு கட்டியிருக்கான்?” என்று கேட்டது உரக்கடைக்காரர். “முதல்ல ஒரு டிகிரி வாங்கு, அப்புறம் பொழுதுபோக்கா செதுக்கு” என்றது நான். பையன் எதிர்த்துப் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, “இது எனக்கு நல்லா வருதுல்ல மாமா?” என்று மட்டும் கேட்டான். நன்றாக வருகிறது என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்து நியாயம் ஆட்டம் கண்டுவிடும் என்ற பயம். அவனை மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் சேர்த்தார்கள். இப்போது ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை, வாரம் மாற்றி வாரம் ராத்திரி ஷிப்ட்.

2021-ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டங்களில் செய்யப்படும் கைவினை என்று செய்தி வந்தது. நம்ம ஊர்ப் பெயர் இருக்கிறதே என்று அன்றைக்குப் பேப்பரைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். ஊரில் ஒரு கலை இருப்பதைப் பேப்பர்க்காரன் சொல்லித் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள். அதுவரை எங்களுக்கு அது வழியில் கேட்கும் டொக்டொக் சத்தம், அவ்வளவுதான்.

அந்தச் சத்தத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று வெட்கத்தோடு இப்போதுதான் போய்ப் பார்த்தோம். வாங்கிய மரத்தை உடனே தொடமாட்டார்கள். நிழலில் கிடத்தி ஆறவிடுவார்கள்; உள்ளே ஈரம் இருந்தால் சாமி முகத்தில் பிறகு வெடிப்பு ஓடும். உருவத்தை வரைந்து மரத்தில் பதிப்பார்கள். பருவெட்டாகக் குறைத்துக்கொண்டே வந்து, உளி சின்னதாகச் சின்னதாக, மூச்சையும் சின்னதாக்கிக்கொள்கிறார்கள். மூக்கும் உதடும் எடுக்கிற நேரத்தில் பட்டறையில் யாரும் பேசுவதில்லை. அங்கிருந்த வயதான மாஸ்டர் சொன்னார்: “நான் செஞ்ச குதிரை மேல சாமி ஊர்வலம் வர்றப்ப, கூட்டத்துல கடைசியில நின்னு பார்ப்பேன். யாரு செஞ்சதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்ல.” இந்த மனிதரை எங்களுக்கு நாற்பது வருடமாகத் தெரியும். “ஆசை இல்லாத மனுசன், அதான் முன்னுக்கு வரலை” என்பதுதான் நாங்கள் அவருக்கு வைத்திருந்த பேச்சு. அவர் சந்தோஷமாக இருப்பது எங்கள் கண்ணுக்கு ஒரு குறையாகவே பட்டிருக்கிறது.

வாத்தியார் புத்தகத் திருவிழாவில் ‘இக்கிகய்’ என்ற புத்தகம் வாங்கி வந்து எங்களுக்குக் கதை சொன்னார். வாழ்வதற்கான காரணத்துக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் சொல்லாம். பிடித்தது, கைவந்தது, உலகத்துக்குத் தேவையானது, காசு வருவது என்று நாலு வட்டம் போட்டு, நாலும் சேரும் நடு இடத்தில் அந்தச் சொல்லை எழுதிய படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்தப் படம் ஜப்பானில் போட்டதே இல்லை. ஸ்பெயின்காரர் ஒருவர் வேறு எதற்கோ போட்டிருந்த வட்டங்களை 2014-ல் ஓர் ஆங்கிலேயர் எடுத்து நடுவில் பெயரை மட்டும் மாற்றினார். எங்களை உலுக்கியது வேறு ஒரு தகவல். ஜப்பானில் இதைப் பற்றி முதலில் ஆழமாக எழுதியவர்களில் ஒருவர் மியேகோ கமியா என்ற மனநல மருத்துவர். அவர் புத்தகம் வந்தது 1966-ல். அவர் யாரிடம் போய்க் கேட்டார் தெரியுமா? ஊரைவிட்டு விலக்கி ஒரு தீவில் வைத்திருந்த தொழுநோயாளிகளிடம். உடம்பு ஓரளவு நன்றாக இருந்தும் வெறுமையில் கிடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். உடம்பு முழுக்கச் சிதைந்தும் விடிந்தால் எழுந்து செய்ய ஒரு காரியம் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

எதற்காக வாழ்கிறாய் என்ற அந்தக் கேள்வியை நாங்கள் யாரிடம் கேட்டோம்? துவைத்து இஸ்திரி போட்ட யூனிபார்ம் பிள்ளைகளிடம் மட்டும். அதையும் வேறு மாதிரிக் கேட்டோம். “என்னா ஆவப்போற?” டாக்டர், கலெக்டர், இன்ஜினியர் என்றால் கன்னத்தைத் தட்டினோம். பஸ் ஓட்டுவேன் என்ற குழந்தையைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். அது பத்து வயதில் தன் பதிலை மாற்றிக்கொண்டது. சேலம், நாமக்கல் பக்கம் பிராய்லர் பள்ளிகள் முளைத்தபோது கடன் வாங்கிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தொடாமல் பன்னிரண்டாம் வகுப்பை இரண்டு வருடம் உருப்போட வைத்தார்கள். தெரிந்துதான் சேர்த்தோம். 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியபோது, எதைப் பேசுவது என்று தெரியாமல் எங்கள் பெஞ்ச் ஒரு வாரம் வாடிக் கிடந்தது.

பிறகு 2022 ஜூலை வந்தது. கனியாமூரில் ஒரு பள்ளி மாணவி இறந்தாள். அந்தச் சாவைப் பற்றி நாங்கள் பேசக் கூடாது. அது நீதிமன்றத்தின் வேலை. நாலு நாள் கழித்து, ஜூலை 17 அன்று, அந்தப் பள்ளிக்குள் கூட்டம் புகுந்ததையும், பேருந்துகள் எரிந்ததையும், பெஞ்சும் நாற்காலியும் தலைமேல் ஏறித் தெருத்தெருவாகப் போனதையும் உலகமே டிவியில் பார்த்தது. கும்பலில் வந்தவர்களில் பாதிப் பேர் வெளியூர் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறோம். வைத்துக்கொள்வோம். மறுநாள் நாங்கள் ரயில் நிலையத்தில் கூடியபோது முதலில் வந்த பேச்சு எது? இறந்த பிள்ளை இல்லை, தெருவுக்கு வந்து நின்ற மற்றப் பிள்ளைகளின் பயமும் இல்லை. “சர்டிபிகேட் எல்லாம் எரிஞ்சுபோச்சாமே!” ஒரு காகிதக் கட்டு எரிந்ததில் நூற்றுக்கணக்கான வாழ்க்கையே எரிந்துவிட்ட மாதிரி அடித்துக்கொண்டோம். மூவரும் அடிக்கச் சொன்ன இடங்களில் இது ஒன்று.

இன்னொன்று கருணாபுரம்.

2024 ஜூன் 19. எங்கள் ஊரிலிருந்து 16 கிலோமீட்டர். பாக்கெட் சாராயத்தில் மெத்தனால். அது உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைப் பிடிக்கும். கண் மங்குது என்று சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் உண்டு. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று கொண்டுபோனார்கள். 60 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பெண்களும் இருந்தார்கள். அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவித்தது. “குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?” தமிழ்நாடு முழுக்க ஓடிய அந்த வாக்கியத்தை நாங்களும் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, சுண்டல் தின்றுகொண்டே சொன்னோம்.

செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். மூட்டை தூக்கியவர், பெயிண்ட் அடித்தவர், சாக்கடை அள்ளியவர். அன்று ராத்திரி ஒரு நினைப்பு தன்னைத் தூங்கவிடவில்லை என்றார் அரிசி ஆலைக் கணக்கர். முப்பது வருடம் சுமைக்காரர்களுக்குக் கூலி எண்ணிக் கொடுத்திருக்கிறார். நடை எத்தனை, மூட்டை எத்தனை என்று நோட்டில் இருக்கும். ஒருவனிடம்கூட, “இந்த வேலை இல்லைன்னா நீ என்னடா செஞ்சிருப்பே?” என்று கேட்டதில்லையாம். எவனுக்காவது பம்பை நன்றாக அடிக்க வந்திருக்கும், எவனாவது கிணற்று நீரோட்டம் பார்த்துச் சொல்லியிருப்பான். கேட்டால்தானே? ஒருவன் செய்கிற காரியத்தை இன்னொருவன் நின்று பார்க்க வேண்டும், அவன் இல்லாத அன்று “எங்கே ஆளைக் காணோம்?” என்று தேட வேண்டும். அது கிடைத்த மனிதனுக்குக் காலையில் எழுவதற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. சுமைக்காரன் வராத அன்று எங்கள் நோட்டில் அவன் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். தேடிப் போனது கிடையாது.

கல்வராயன் மலையைப் பற்றிச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பல் தேய்க்கும்போது தெரிகிற மலை. சாமையும் தினையும் கடுக்காயும் தேனும் அங்கிருந்து இறங்கின. இங்கிருந்து வெல்லம் மூட்டை மூட்டையாக ஏறியது. அத்தனை வெல்லத்தில் பொங்கலா வைக்கிறார்கள்? சாராய ஊறல் போடத்தான் என்று விற்றவனுக்கும் தெரியும், பக்கத்தில் நின்று பார்த்த எங்களுக்கும் தெரியும். மூன்று ஜாகீர்களின் பிடியில் கிடந்த மலை அது. 1976 வரைக்கும் அந்த முறை இருந்தது. பிறகு சாலை வரும், ஆஸ்பத்திரி வரும் என்றார்கள். வந்தது கொஞ்சம். காட்டை உள்ளங்கை ரேகையாக அறிந்த ஆட்களை மேஸ்திரி வந்து ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிப் போனான். 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் ஆந்திரப் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, எங்கள் மலையிலிருந்தும் ஆட்கள் அந்தப் பக்கம் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். மரம் தெரிந்த ஒருவனுக்கு மரத்தோடு செய்ய வேறு காரியமே இல்லாமல் போனது எப்படி? மலையில் மரம் அறிந்தவன், கீழே மரம் செதுக்குகிறவன், நடுவில் நாங்கள். நாங்கள் வெல்லம் விற்றோம். கருணாபுரத்துக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சென்னையில் இருக்கிறவர்களுக்குக் கேட்டது.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்ததும் நாலு வீட்டிலும் நாலு பேரும் மனைவியிடம், “இதை வச்சு என்னா பண்ணப்போற?” என்று கேட்டிருக்கிறோம். பிறகு பேசிப் பார்த்ததில் தெரிந்தது, என்ன பண்ணப்போகிறாய் என்று அவர்களிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வியே அதுதான். என் மனைவி சொன்ன பதிலை வெளியில் சொல்ல மாட்டேன். ஆயிரம் ரூபாய்க்கு ஆகிற காரியம் இல்லை அது. நாற்பது வருடம் முன்பு கேட்டிருந்தால் ஆகியிருக்கும்.

எங்களுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? ஓய்வு பெற்ற மறுநாள் காலை பத்து மணிக்கு வாத்தியார் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினாராம். கணக்கருக்குக் கணக்கு பிடிக்கவே பிடிக்காதாம், இப்போதுதான் சொல்கிறார். எனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். மழைக்கு முன் வரும் மண்வாசனையும், பிறர் வீட்டு விஷயமும்.

போன பொங்கலுக்கு அந்தப் பையன் வந்திருந்தான். பையன் என்ன, முன்மண்டை ஏறிவிட்டது. உரக்கடைக்காரர் புது வீட்டுக்கு நிலைக்கதவு மாட்டியிருந்தார். கஜலட்சுமி, இரண்டு பக்கமும் கொடி, எல்லாம் மெஷினில் அடித்தது. பட்டறையில் கேட்ட விலையில் பாதிக்கும் கீழே முடிந்தது என்று எங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவில்லை. கதவருகே நின்று கட்டைவிரலால் யானையின் காதோரத்தைத் தடவினான். கொடியைத் தடவினான். அம்மன் மூக்கில் விரல் நின்றது.

“இதுல உளியே படலையே மாமா” என்றான்.

நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏதாவது சொல்லியாக வேண்டும். கணக்கர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“ஓசூர்ல இப்ப எவ்வளவு குடுக்கறான்?”