எந்த லயத்துக்கு மேலே?

2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை மண் மூடியது. ஹட்டன், நுவரெலியா சரிவுகளில் மண்ணின் ஈரத்தையும் அசைவையும் சொல்லும் சென்சர்கள் வேண்டும் என்று அன்றிலிருந்து மனம் கேட்கிறது. நம் மலையகத்தைப் போலத் தேயிலை மலையான மூணாறில், அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் அப்படியொரு வயர்லெஸ் வலையமைப்பை நிறுவியது. ஆனால் மண் நகர்கிறது என்ற செய்தி மட்டும் போதாது. எந்த லயத்துக்கு மேலே என்று தெரியவேண்டும். சென்சர் ஒவ்வொன்றுக்கும் ஜிபிஎஸ் வைத்தால் செலவும் பேட்டரியும் தாங்காது. சிலவற்றின் இடத்தை மட்டும் அளந்து வைத்துவிட்டு, சென்சர்களுக்கு இடையே ரேடியோ அலை காட்டும் தூரங்களிலிருந்து, மொத்தப் பிழை மிகக் குறைகிற இடங்களை மற்றவற்றுக்குக் கணிதம் தேடும். ஈர இலையும் மரமும் அந்தத் தூரங்களைப் பிசகாக்கும். தவறான விடையில் சிக்கவைக்கும் பல பள்ளங்கள் கொண்ட அந்தத் தேடலை ஒரே கிண்ணம்போலத் தளர்த்தும் வழியை 2004இல் ஆய்வாளர்கள் பிஸ்வாஸும் யின்யூ யேயும் காட்டினார்கள். அப்படியிருந்தும், இடம் அளந்து வைத்த சென்சர்கள் எல்லாம் தோட்டப் பாதையோரம் ஒரே நேர்கோட்டில் நின்றால், அசைவு பாதைக்கு மேலா, கீழா என்று அந்தத் தூரங்களை வைத்துச் சொல்லவே முடியாது. இரு பக்கமும் தூரம் ஒன்றுதான். மேலே தேயிலை, கீழே பிள்ளைகள் உறங்கும் லயம். அந்தச் சென்சர்களில் ஒன்றிரண்டையாவது பாதையை விட்டு இறங்கி, லயத்தின் கோடியில் நடுங்கள்.