அடித்தவர் வீட்டில், அடிபட்டவர் வீதியில்

கணவரின் அடிக்கும் உதைக்கும் ஆளாகும் பெண்ணைப் பார்த்து, "இன்னும் ஏன் அந்த வீட்டிலேயே இருக்கிறாய்?" என்று கேட்பது எளிது. "வெளியேறினால் எங்கே போவது?" என்று அவர் திருப்பிக் கேட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உற்றார் உறவினருக்கு மட்டுமல்ல, அரசுக்கும் உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கவில்லை என்பதுதான் வேதனை.

பிரச்னையின் அளவு என்ன என்பதை அரசின் புள்ளிவிவரமே சொல்கிறது. 2019-21 ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் நாடு முழுவதும் 29.3 விழுக்காட்டினர். கர்நாடகத்தில் இது 44.4 விழுக்காடு, நாட்டிலேயே மிக அதிகம். தமிழ்நாட்டில் 38.1 விழுக்காடு. நான்காவது ஆய்வில் கர்நாடகத்தின் அளவு ஏறத்தாழ 21 விழுக்காடாகத்தான் இருந்தது. இந்த உயர்வில் ஒரு பகுதி, முன்பு வாய் திறக்கத் தயங்கியவர்கள் இப்போது துணிந்து சொன்னதன் விளைவாகவும் இருக்கலாம். அப்படியே இருந்தாலும், அது ஆறுதல் தரும் செய்தியல்ல. இத்தனை காலம் எவ்வளவு கொடுமை மறைந்து கிடந்தது என்பதற்கான சான்று அது.

அதே ஆய்வு சொல்லும் இன்னொரு செய்தி இதைவிடக் கவலைக்குரியது. உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ வன்முறைக்கு உள்ளான பெண்களில் யாரிடமாவது உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. அவர்களிலும் பெரும்பான்மையோர் நாடியது பிறந்த வீட்டைத்தான். காவல் நிலையத்துக்கோ, வழக்கறிஞரிடமோ, தொண்டு நிறுவனத்திடமோ சென்றவர்கள் மிகச் சிலரே. பிறந்த வீடு கைகொடுக்காவிட்டால் வேறு போக்கிடமில்லை என்பதே இதன் பொருள்.

பெங்களூரின் நீலசந்திரா போன்ற பகுதிகளை மனத்தில் கொண்டு பார்த்தால் இந்த நிலைமை தெளிவாக விளங்கும். ஆஸ்டின் டவுன், விவேக் நகர் ஆகியவற்றை ஒட்டி, நகரின் நடுவே நெருக்கமாக அமைந்த பகுதி இது. தமிழும் உருதுவும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தில் ஒலிக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகளில், ஒரு வீட்டில் விழும் அடி பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் போகாது. ஆனால் கேட்டவர்கள் தலையிடுவது அரிது. "புருஷன் பெண்டாட்டி சண்டை" என்று ஒதுங்கிப் போவதே வழக்கமாகிவிட்டது. பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் வேலூரிலோ திருவண்ணாமலையிலோ தருமபுரியிலோ இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடு என்பது சில மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவு. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும், அவர் வேலை செய்யும் தையல் ஆலையும், வீட்டு வேலைக்குப் போகும் அடுக்குமாடிக் குடியிருப்பும் இங்கேயே இருக்கின்றன. ஊருக்குத் திரும்பினால் உயிர் தப்பலாம், பிழைப்பு போய்விடும்.

வாடகை வீட்டுச் சிக்கலும் சாதாரணமானதல்ல. பெங்களூரில் எளிய குடும்பங்கள் பல, இலட்சக்கணக்கில் மொத்தமாகப் பணம் கொடுத்துப் போக்கியத்துக்கு வீடு பிடிப்பது வழக்கம். அந்தத் தொகையில் மனைவியின் நகையை அடகு வைத்த பணமும், அவர் பேரில் வாங்கிய மகளிர் குழுக் கடனும் கலந்திருக்கக்கூடும். ஒப்பந்தம் மட்டும் கணவர் பேரில் இருக்கும். வீட்டைவிட்டு வெளியேறும் பெண் கூரையை மட்டுமின்றித் தன் சேமிப்பையும் விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. புதிதாக ஓர் அறை பிடிக்க வேண்டுமென்றால் முன்பணம் வேண்டும். கணவரைப் பிரிந்து தனியே வரும் பெண்ணுக்கு வீடு கொடுக்கத் தயங்கும் வீட்டு உரிமையாளர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

சட்டம் இதையெல்லாம் எண்ணிப் பார்க்காமல் இயற்றப்பட்டதல்ல. கணவரோடு சேர்ந்து வாழ்ந்த வீட்டில், அது சொந்த வீடாயினும் வாடகை வீடாயினும், அவள் பேரில் உரிமைப் பத்திரம் இல்லாவிட்டாலும், தொடர்ந்து குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்கு 17-ஆவது பிரிவு தருகிறது. வன்முறை செய்தவரை வீட்டைவிட்டு வெளியேறும்படியும், இல்லையேல் மாற்று வீட்டுக்கு வாடகை தரும்படியும் உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு 19-ஆவது பிரிவு அதிகாரம் அளிக்கிறது. 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றால் சுருங்கிப் போன இந்த உரிமையை, சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. வீடு மாமனார், மாமியார் பேரில் இருந்தாலும், அது அவள் குடும்பம் நடத்திய வீடாக இருந்தால், அங்கே வசிக்க அவள் உரிமை கோரலாம் என்று அந்தத் தீர்ப்பு தெளிவுபடுத்தியது. ஆக, சட்டத்தின் நோக்கப்படி வெளியேற வேண்டியவர் அடித்தவர், அடிபட்டவர் அல்ல. நடைமுறையில் நள்ளிரவில் பிள்ளைகளோடு வீதிக்கு வருபவர் யார் என்பதை நாடறியும்.

சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடையே இந்த இடைவெளி ஏன் ஏற்பட்டது? முதல் காரணம், பாதுகாப்பு அலுவலர்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் முறையீட்டைப் பதிவு செய்வதும், நீதிமன்றத்துக்கு அறிக்கை அளிப்பதும், மருத்துவ உதவிக்கும் தங்குமிடத்துக்கும் வழி செய்வதும் அவர்களுடைய கடமை. இந்தச் சட்டத்தின் அச்சாணி அவர்களே. ஆனால் கர்நாடகத்தில் இந்தப் பொறுப்பு, அங்கன்வாடிகளை மேற்பார்வையிடும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்களின் தலையில் கூடுதலாகச் சுமத்தப்பட்டது. சத்துணவுக் கணக்கும் ஆய்வுப் பயணமும் ஆலோசனைக் கூட்டமுமாக ஓடிக்கொண்டிருப்பவர், அழுதுகொண்டு வரும் பெண்ணுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் மாநில அரசுகளைக் கண்டித்து, மாவட்டம், வட்டம் வரை பாதுகாப்பு அலுவலர்களை ஆறு வாரங்களுக்குள் நியமிக்க வேண்டும் என்று கெடு விதித்தது. சட்டம் வந்து பத்தொன்பதாம் ஆண்டில் இப்படியோர் உத்தரவு தேவைப்பட்டது என்பதே ஆட்சியாளர்கள் தலைகுனிய வேண்டிய செய்தி.

இரண்டாவது காரணம், நீதிமன்றத் தாமதம். மனு அளித்த மூன்று நாள்களுக்குள் முதல் விசாரணை, அறுபது நாள்களுக்குள் முடிவு என்கிறது சட்டம். ஆனால் 2022 ஜூலையில் இந்தச் சட்டத்தின்கீழ் நிலுவையில் இருந்த வழக்குகள் 4.71 இலட்சம் என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. வீட்டில் குடியிருக்கும் உத்தரவு வருவதற்குள் பிள்ளைகளின் கல்வியாண்டு முடிந்துவிடுகிறது. அந்த இடைக்காலத்தில் அவள் எங்கே தங்குவாள் என்பதுதான் கேள்வி.

இங்கேதான் தங்குமிடத்தின் முக்கியத்துவம் தெரிகிறது. 2015 முதல் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டுவரும் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்களில் ஐந்து நாள்கள் வரை தங்கலாம். அதற்குமேல் தேவைப்பட்டால், முன்பு 'ஸ்வாதார் கிரஹ்' என்றும், 2022-க்குப் பிறகு 'சக்தி சதன்' என்றும் வழங்கப்படும் இல்லங்களுக்கு அனுப்பப்படுவார்கள். புகார் பதிவு செய்யவில்லை என்பதற்காகத் தங்குமிடம் மறுக்கப்படக்கூடாது என்று 2006-ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகவே கூறுகின்றன. அந்த விதியை அறிந்த பெண்கள் எத்தனை பேர்? அறிந்து மதிக்கும் இல்லங்கள் எத்தனை?

இந்த ஏற்பாட்டில் அதிகம் பேசப்படாத ஒரு கொடுமை உண்டு. ஸ்வாதார் இல்லங்களில் தாயுடன் தங்க ஆண் பிள்ளைகளுக்கு 8 வயதுவரைதான் அனுமதி இருந்தது. புதிய வழிகாட்டுதல்களில் அது 12 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. அதற்கு மேற்பட்ட மகனைச் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் உள்ள குழந்தைகள் இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். தாயை அடிக்க ஓங்கிய கையைத் தடுக்கப் போய் தானும் அடிவாங்கிய பதின்மூன்று வயதுச் சிறுவனை அரசு கையாளும் முறை இது! பத்து வயது மகளோடு பாதுகாப்பாகத் தங்குவதா, மகனைப் பிரிய மனமின்றி அடிக்கும் கணவரிடமே திரும்புவதா என்று தாய் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. பெரும்பாலான தாய்மார்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மற்ற பெண்களின் அந்தரங்கத்தைக் காக்கவே இந்த வயது வரம்பு என்பது உண்மைதான். அதற்குத் தீர்வு தனித்தனி அறைகள் கொண்ட குடும்பக் குடியிருப்புகள். தாயையும் மகனையும் பிரிப்பதல்ல.

வீட்டை விட்டு ஓடிவரும் குழந்தையின் கல்வியும் இதே போன்றதுதான். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு சொல்கிறது. தலைமையாசிரியர்களுக்கு இதை நினைவூட்ட ஒரு சுற்றறிக்கை போதும். செலவே இல்லாத சீர்திருத்தம் இது.

பெங்களூருக்கு இந்தப் பிரச்னை புதிதல்ல. 1979-இல் தொடங்கிய 'விமோசனா' என்ற பெண்கள் அமைப்பு, 1990-களின் இறுதியில் விக்டோரியா மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் இறந்துபோன இளம் மனைவியரின் கதைகளைத் தேடிச் சென்றது. "ஸ்டவ் வெடித்து விபத்து" என்று எழுதி மூடப்பட்ட மரணங்களைப் பற்றி அது எழுப்பிய கேள்விகள் ஆட்சியாளர்களை உலுக்கின. நகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் 'வனிதா சகாயவாணி' உதவித் தொலைபேசி தொடங்கப்பட்டதும் அந்தக் காலகட்டத்தில்தான். சென்னையில் 1930-இலேயே ஆதரவற்ற பெண்களுக்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தை நிறுவினார். 2001 முதல் சென்னையில் இயங்கும் பி.சி.வி.சி. அமைப்பு, தீக்காயம்பட்ட பெண்களுக்குச் சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்வையும் அமைத்துத் தர முயல்கிறது. தனிமனிதர்களும் அமைப்புகளும் வழிகாட்டியிருக்கிறார்கள். அரசுதான் பின்தங்கிவிட்டது.

எத்தனை இல்லங்கள் வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 10,000 மக்கள்தொகைக்கு ஒரு குடும்பம் தங்கும் இடம் என்பது ஐரோப்பிய கவுன்சில் பரிந்துரைக்கும் அளவு. 2011 கணக்கெடுப்பின்படியே பெங்களூர் மாநகராட்சியின் மக்கள்தொகை 84 இலட்சம். அந்த அளவுகோலில் இந்த ஒரு நகருக்கு மட்டும் 840 குடும்பங்களுக்கு இடம் வேண்டும். ஐரோப்பாவின் வசதி நமக்கில்லை என்பது சரி. அதில் நான்கில் ஒரு பங்கையாவது இலக்காகக் கொள்ளக்கூட நம்மால் முடியாதா?

தங்குமிடங்கள் பெருகினால் குடும்பங்கள் உடையும் என்று வாதிடுவோர் உண்டு. சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற குற்றச்சாட்டும் உண்டு. முறையற்ற புகார்கள் எந்தச் சட்டத்தின்கீழும் வரக்கூடும். அவற்றைப் பிரித்தறியவே நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஆனால் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்படையில் உரிமையியல் தன்மை கொண்டது. கணவரைச் சிறைக்கு அனுப்புவது அதன் முதல் நோக்கமல்ல; நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அதன்கீழ் தண்டனை. அடியை நிறுத்தி, அதே வீட்டில் அச்சமின்றி வாழ வழி செய்வதே அதன் சாரம். குடும்பத்தை உடைப்பது அடியே தவிர, அடிபட்டவருக்குக் கிடைக்கும் அடைக்கலம் அல்ல. வேறு போக்கிடம் உண்டு என்று தெரிந்தால்தான் சமரசப் பேச்சிலும் அந்தப் பெண்ணின் குரலுக்கு மதிப்பிருக்கும். போக்கிடமில்லாதவரோடு செய்துகொள்ளப்படும் சமரசம், சரணாகதிக்கு வைத்த மறுபெயர்.

கர்நாடக அரசு 2023-இல் தொடங்கிய 'கிருஹலட்சுமி' திட்டத்தில் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்கப்படுகிறது. பாராட்டத்தக்க திட்டம். ஆனால் குடும்ப அட்டையில் தலைவியாக இருப்பவர் மாமியாராகவும் இருக்கலாம். அடிபட்டு வெளியேறும் மருமகளுக்குப் பணமும் இல்லை, தனி அட்டை கிடைக்கும்வரை அரிசியும் இல்லை. பாதுகாப்பு அலுவலரின் சான்றின் பேரில் உடனடியாகத் தற்காலிகக் குடும்ப அட்டை வழங்கினால், எவ்வளவோ பெண்களின் முதல் மாதத்தை அது தாங்கிப் பிடிக்கும்.

பெங்களூர் 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நிர்வாகத்தை மக்களுக்கு அருகில் கொண்டு செல்வதே நோக்கம் என்றார்கள். அந்த நோக்கத்தை மெய்ப்பிக்க இது நல்ல வாய்ப்பு. ஐந்து மாநகராட்சிகளிலும் முழுநேரப் பாதுகாப்பு அலுவலர்கள், இரவிலும் திறந்திருக்கும் சேவை மையம், பிள்ளைகளின் வயது பாராமல் தாயோடு தங்க இடமளிக்கும் குடும்ப இல்லம், புது வீட்டுக்கு முன்பணம் தர ஒரு சிறு சுழல் நிதி ஆகியவை அமைய வேண்டும். நீலசந்திரா போன்ற பகுதிகளுக்கான மையங்களில் தமிழும் உருதுவும் அறிந்த பணியாளர்கள் இருக்க வேண்டும். நடுங்கும் குரலில் தன் வேதனையைச் சொல்ல வருபவர், தாய்மொழியில்தான் அதைச் சொல்ல முடியும். 181 என்ற உதவி எண் ரேஷன் கடையிலும் பள்ளி வாசலிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கண்ணில் படும்படி எழுதப்பட வேண்டும்.

இதற்காகும் செலவு, எந்த நகரத்தின் வரவு செலவுத் திட்டத்திலும் ஒரு மேம்பாலத்தின் செலவுக்கு அருகில்கூட வராது. பணமில்லை என்பது காரணமல்ல. மனமில்லை என்பதுதான் காரணம். "வெளியேறினால் எங்கே போவது?" என்று கேட்கும் பெண்ணுக்கு, சட்டத்தின் பிரிவு எண்ணைச் சொல்வது பதிலாகாது. ஒரு முகவரியைச் சொல்ல வேண்டும். அந்தக் கதவு நள்ளிரவில் தட்டினாலும் திறக்க வேண்டும்.