நாற்று வாங்குவதற்கு முன்

வளவைத் திருத்த நினைப்பவர்கள் அதற்கான திட்டத்தை ஆவணி வெயிலில் போட வேண்டும். மார்கழியில் பார்த்தால் எங்கள் ஊர் மாங்கேணியில் எல்லா வளவும் சோலைதான். எறிந்த பூசணிக்கொட்டை கூரையேறிக் காய்க்கும், வேலிக்கு ஊன்றிய கதியாலெல்லாம் துளிர்க்கும். அதை நம்பிப் படம் கீறினால் சித்திரைக்குள் பாதி செத்துவிடும். கச்சான் காற்று மாதக்கணக்காக அடித்து, புல் கருகி, வெறுங்காலோடு கிணற்றடிக்குப் போக முடியாமல் மணல் கொதிக்கிற இந்த நாட்களில் எது பச்சையாக நிற்கிறதோ அதைத்தான் முதலில் எழுதிவைக்க வேண்டும். எங்கள் வளவில் இப்போது நிற்பவை: வேம்பு, முருங்கை, மூலையில் ஒரு கஜு, கிணற்றடியில் வாழை, குசினித் தண்ணீர் ஓடும் இடத்தில் கறிவேப்பிலை. இவற்றில் கடைசி இரண்டுக்கும் யாரும் தனியாகத் தண்ணீர் ஊற்றுவதில்லை என்பதைக் கவனித்தாலே திட்டத்தில் பாதி முடிந்த மாதிரி.

‘எங்கள் வளவு’ என்று எழுதிவிட்டேன். அது என்னுடையதில்லை. மட்டக்களப்புப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும்; மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். எத்தனை வருடம் இருந்தாலும், எந்த மரத்தை வெட்டலாம், எங்கே கிடங்கு கிண்டலாம் என்ற கேள்விகள் மாமியிடம்தான் போகும். கொப்பியில் படம் கீறுவது என் வேலை. ஒப்புதல் அவருடையது.

திருத்தப் போகிறேன் என்று சொன்னதும் கேட்டவர்கள் எல்லோரும், “என்ன நடப்போறீங்க?” என்றுதான் கேட்டார்கள். பதிலையும் அவர்களே சொன்னார்கள். ஒருவர் ரம்புட்டான் வைக்கச் சொன்னார், மற்றவர் டிராகன் பழம். இன்னொருவர் முன்பக்கம் முழுவதும் கிரவல் கொட்டி இன்டர்லொக் கல் பதிக்கச் சொன்னார், கார் நிறுத்தலாமாம். எங்களிடம் இருப்பது சைக்கிளும் ஒரு மோட்டார் சைக்கிளும். ரம்புட்டான் களுத்துறை, கம்பஹா போன்ற ஈரவலயப் பகுதிகளின் மரம். இந்த மணலில் அதை வளர்ப்பதென்றால் வருடத்தில் ஆறு மாதம் அதற்கு நோயாளியைப் போலப் பணிவிடை செய்ய வேண்டும்.

கேள்வியைக் கிணற்றிடம் கேட்டால்தான் சரியான பதில் வரும். கரையோர மணலில் கிணறு ஆழமில்லை. மாரியில் வாளியைக் கையாலேயே அமிழ்த்தி எடுக்கலாம். அந்த நல்ல தண்ணீர் வந்தது மழையிலிருந்து; அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீரின்மேல், பாரம் குறைந்தது என்பதால், மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிவரை அது இருக்கும் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைபன் என்ற டச்சுப் பொறியாளரும், பிறகு ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் கணக்குச் சொன்னார்கள். கேட்க நல்ல செய்திதான், ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மோட்டரைப் போட்டு மேலே ஒரு அடியை இறக்கினால், கீழே உப்பு 40 அடி ஏற இடம் கொடுக்கிறோம். அது உடனே நடப்பதில்லை, மெதுவாக நடக்கும். ஆனியில் நல்லாயிருந்த தேத்தண்ணி புரட்டாதியில் சவர் அடிக்கத் தொடங்கினால் காரணம் தேயிலைத்தூள் இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இதைக் கரையோரம் முழுவதும் கண்டோம். அலை கிணறுகளுக்குள் புகுந்துபோன பிறகு, உதவிக்கு வந்தவர்களும் ஊர்க்காரரும் கிணறுகளை இறைத்துத் தள்ளினார்கள். ஒரு தடவை இறைத்து அழுக்கை எடுப்பது தேவைதான். திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்பும் மேலே வந்தது. அளவோடு இறையுங்கள் என்று பிறகு அறிவுறுத்த வேண்டியிருந்தது. கிணறுகளைக் கடைசியில் தேற்றியது மாரி மழைதான்.

ஆகவே என் படத்தில் முதலில் வந்தது ஒரு வட்டம், கிணறு. இறைக்கும்போது தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் பழைய இடத்துக்கு வருகிறது என்று முடிச்சுப் போட்ட கயிறு விட்டுப் பார்க்க வேண்டும். வெயில் உச்சத்தில் எவ்வளவு தண்ணீரைக் கிணறு முகம் சுளிக்காமல் தருமோ, அவ்வளவுக்குத்தான் தோட்டம். கத்தரி, வெண்டி, மிளகாய்ப் பாத்திகள் அந்த வட்டத்துக்குப் பக்கத்தில், வாளி தூக்கும் தூரத்தில் இருக்கட்டும். தேசியும் தோடையும் உப்புத் தாங்காதவை. கிணறு சவர்ப்பட்டால் முதலில் இலை நுனி கருகுவது அவற்றில்தான். மலக்குழி எதிர்ப்பக்கம், 50 அடிக்காவது அப்பால். மணலில் அழுக்குத் தண்ணீர் தடையின்றி ஓடும் என்பதால் இன்னும் தள்ளியிருந்தால் நல்லது. கூரையையும் படத்தில் போட்டிருக்கிறேன். 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1,000 லீற்றர். மட்டக்களப்பில் வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது; பெரும்பகுதி கார்த்திகையிலிருந்து தைக்குள் வந்துவிடுகிறது. அதை வீதிக்கு ஓடவிடாமல் வாழைக்கிடங்குகளுக்குத் திருப்பிவிடுவதற்கு ஒரு மண்வெட்டியும் ஒரு பின்னேரமும் போதும்.

இதுவரை மாமி ஒன்றும் சொல்லவில்லை. சருகுக்கு வந்தபோதுதான் பிரச்சினை.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வளவு கூட்டுவது வெறும் வேலையில்லை, மானம். விடியுமுன் ஈர்க்கு விளக்குமாறு மணலில் கீறுகிற சத்தம் வீடு வீடாகக் கேட்கும். கூட்டி முடித்த மணலில் அரைவட்டக் கோடுகள் வரிசையாகக் கிடக்கும், அதில் முதலில் கால் வைக்க எனக்கே கூச்சம் வரும். குவித்த சருகுக்கு நெருப்பு வைப்பது அடுத்த வேலை. இந்த மண்ணுக்குப் பசளையும் ஈரமும் பிடித்துவைக்கத் தெரியாது. ஊற்றிய தண்ணீர் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும், போட்ட யூரியாவும் அதோடு போகும். அவற்றைப் பிடித்துவைக்கக் கூடிய பொருள்களில் ஒன்று உக்கிய இலை. அதைத்தான் தினமும் புகையாக்குகிறோம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியபோது ஊரெல்லாம் கூட்டெரு தேடி அலைந்தது. அந்த நாட்களிலும் காலையில் சருகுப் புகை எழும்பத் தவறவில்லை.

“பின்பக்கம் கூட்டாம விடுவம் மாமி. சருகை மரத்தடியிலயும் பாத்தியிலயும் போடலாம்.”

“கூட்டாம விட்டா பாம்பு வரும் மனே. பிள்ளையள் ஓடித் திரியிற இடம்.”

இது சாட்டுக்குச் சொன்னதில்லை. புடையன் சருகுக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. கூட்டிய வெள்ளை மணலில் எலிகூடத் தப்ப முடியாது. நகரத்து விவசாயப் பக்கங்களில் மூடாக்கின் பெருமையை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கவலை இருப்பதில்லை. பேசிப்பேசி ஒரு கோட்டுக்கு வந்தோம். முன்வாசலும், வீட்டைச் சுற்றியும், கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் போகிற பாதையும் மாமியின் ஆட்சி. அங்கே ஒரு இலை கிடக்காது. அதற்கப்பால் சருகு தரையில் பரவிக் கிடக்காமல் கிடங்குக்குள்ளும் மரத்தடி வட்டத்துக்குள்ளும் மட்டும் கிடக்கும். நெருப்பு எங்கேயும் இல்லை. கடைசி நிபந்தனைக்கு அவர் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை.

கூட்டெருக் குவியலுக்கும் காவல் தேவை. காண்டாமிருக வண்டு முட்டையிடத் தேடுவது உக்கிய எருவையும் விழுந்த தென்னங்குற்றியையும்தான். கிளறும்போது விரல் பருமனில், வளைந்து சுருண்ட வெள்ளைப் புழு வரும். பொறுக்கிக் கோழிக்குப் போட வேண்டும். குவியலைக் கிளறாமல் விட்டால் புதிய தென்னம்பிள்ளையின் குருத்தைக் குடையும் படையை நாமே வளர்த்ததாக முடியும்.

தென்னம்பிள்ளை வைக்கிற கிடங்குகளைத்தான் இப்போதே கிண்டத் தொடங்க வேண்டும். மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி ஆழம். கிடங்குக்குக் கிடங்கு 26 அடி. அயல்வீட்டுக் கிழவர் ஒருவர் மட்டை அடுக்குவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அடியில் பொச்சுமட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே வருகிற மாதிரி ஒன்றோடொன்று நெருக்கி இரண்டு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் மேல் மண் தூவி, காலால் மிதித்து இறுக்குவார். குழிந்த பக்கம் மேலே இருந்தால் மட்டை தண்ணீரை ஏந்தும், குப்புறக் கவிழ்த்தால் வழியவிடும். பிறகு மாட்டெருவும் மேல்மண்ணும். ஐப்பசி மழை இரண்டு தரம் இறங்கிய பிறகுதான் பிள்ளை நடுவார். அதுவரை கிடங்கு திறந்தே கிடக்கும். அதற்குள் ஆடு விழாமல் குறுக்கே மட்டை போட்டு வைப்பார்.

காலம் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2022 ஜூனை நினைக்கலாம். சாப்பாட்டுக்கும் எரிபொருளுக்கும் நாடு திண்டாடியபோது, அரச ஊழியர்கள் வீட்டில் பயிர் வைப்பதற்காக மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவித்தார்கள். யோசனை கொழும்பில் பிறந்தது, அங்கே அப்போது தென்மேல் பருவமழைக் காலம். இங்கே அதே மாதங்களில்தான் கச்சான். அந்த விடுமுறையைக் கிழக்குக்கு மட்டும் ஐப்பசியில் தந்திருந்தால் சில வளவுகளில் இன்றைக்கும் அதன் அடையாளம் நின்றிருக்கும்.

வீட்டோடு ஒட்டி உயரமான மரம் வேண்டாம் என்பதில் மாமிக்கும் எனக்கும் பேச்சே தேவைப்படவில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி இரவை அவர் நேரில் கண்டவர். மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்கள் அந்த ஒரு இரவில் சாய்ந்தன. தென்னைகளைப் படத்தில் எல்லை ஓரத்துக்குத் தள்ளியாயிற்று. வீட்டுக்குப் பக்கத்தில் மாதுளை, கொய்யா, பப்பாசி. விழுந்தாலும் ஓடு தப்பும்.

செலவில் முதலிடம் வேலிக்கு. வெயில் காலத்தில் கட்டாக்காலி மாட்டுக்கு வீதியில் தின்ன எதுவுமில்லை. ஒரு இரவு படலை திறந்து கிடந்தால் பாத்தி காலி. கம்பி நான்கு வரிசை, இடையிடையே கிளிசரியாக் கதியால். மழையோடு ஊன்றினால் பிடித்துவிடும், வெட்ட வெட்டத் தழை தரும். சருகு போதாத இடத்துக்கு அந்தத் தழை. மேற்கே காட்டோரத்து ஊர்களில் யானைக்கு இந்த வேலி பொருட்டில்லை, தென்னங்குருத்து அதற்கு விருப்பமான சாப்பாடு. அங்கே இருப்பவர்களுக்கு நான் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

படத்தை முழுதாகக் கீறி, மை காய்ந்த பிறகு மாமியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் சரி. செவ்வரத்தை எங்க?”

“...”

“நந்தியாவட்டை? வெள்ளிக்கிழமைக்குப் பூவுக்கு நான் அடுத்த வளவுக்கா போறது?”

கிணற்றடியில் கத்தரிப் பாத்திக்கென்று நான் ஒதுக்கியிருந்த இடத்தைப் பென்சிலால் அவரே அடித்தார்.