இரசாயன சாலையில் ஆயுத பூசை!



சென்ற ஆயுத பூசையன்று ஒரு கல்லூரியின் இரசாயனச் சோதனைச் சாலையைப் பார்க்கும்படியான சந்தர்ப்பம் எனக்கு ஏற்பட்டது. நான் காலேஜில் படித்தவனல்ல. கையில் அகப்பட்ட புஸ்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்து ஏதோ நாலு சங்கதி தெரிந்துகொண்டவன். அங்கு பி.எஸ்ஸி. இரசாயனம் இரண்டாம் வருஷம் வாசிக்கும் ஒரு வாலிபத் தோழர்தான் அழைத்துப் போனார். போய்ப் பார்த்தால், தராசுக்குச் சந்தனப் பொட்டு, பியூரெட்டுக்குப் பூச்சரம், கந்தகத் திராவகப் புட்டிக்குத் திருநீற்றுப் பட்டை! மேஜையின்மேல் பொரிகடலை. வாசற்படியில் உடைத்த பூசணிக்காய். இரசாயனத்திலேயே டாக்டர் பட்டம் வாங்கிய பேராசிரியர், மந்திரம் சொன்ன புரோகிதர் எதிரில் கைகட்டி நின்று கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தக் கற்பூரம் பெரும்பாலும் பைன் மரத்து டர்ப்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்யப்படுவது என்பதை மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பவரும் அவரேதான்!

அந்தச் சாலையில் முதல் வருஷத்துப் பையனுக்கு என்ன கற்றுக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்தேன். பேர் தெரியாத ஓர் உப்பைக் கையில் கொடுத்து, "இது இன்னதென்று கண்டுபிடி" என்கிறார்களாம். பையன் அதைத் தண்ணீரில் கரைக்கிறான், சுடவைக்கிறான், ஒவ்வொரு மருந்தாக விட்டுப் பார்க்கிறான். ஈய உப்பானால் பொட்டாசியம் குரோமேட் விட்டதும் மஞ்சளாக அடியில் படியும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவைச் செலுத்தினால் கறுப்பாகும். இப்படிப் பலவிதத்தில் பார்த்து ஒத்து வந்த பிறகே "ஈயம்" என்று எழுதலாம். "என் பாட்டனார் இதைத் துத்தநாகம் என்று சொல்லியிருக்கிறார்" என்று எழுதினால் மார்க் கிடைக்குமா? "ரிஷிகள் அருளியது" என்று எழுதினால் வாத்தியார் ஒப்புக்கொள்வாரா? பியூரெட்டில் ஒரு தடவை அளந்தால்கூடப் போதாது, ஒன்றுக்கொன்று ஒத்து வரும்வரை திரும்பத் திரும்ப அளக்க வேண்டுமாம். ஒரு சிட்டிகை உப்புக்கு இவ்வளவு சாட்சி கேட்கிற படிப்பு, ஒருவன் பிறக்கும்போதே மேல் என்றும் இன்னொருவன் பிறக்கும்போதே கீழ் என்றும் சொல்வதற்கு மட்டும் ஒரு சாட்சியும் கேட்பதில்லையே, இது என்ன ஞாயம்?

மேல் வகுப்புக்குப் போனால் இன்னும் வேடிக்கை. உயிருள்ள பிராணிகளின் உடம்பில் உண்டாகும் வஸ்துக்களை மனிதன் செய்ய முடியாது, அதற்கென்று தனியாக ஓர் உயிர்ச் சக்தி வேண்டும் என்று ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் நம்பினார்கள். 1828-ல் வோலர் என்ற ஜெர்மானியர், மூத்திரத்தில் இருக்கும் யூரியாவை ஒரு பிராணியின் சம்பந்தமுமில்லாமல் சோதனைச் சாலையிலேயே உண்டாக்கிக் காட்டினார். அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. நமது பிள்ளைகள் இந்த வருஷத்தையும் பேரையும் நெட்டுருப் போட்டுப் பரீட்சையில் கக்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பசுவின் மூத்திரத்தைப் பஞ்சகவ்வியம் என்று குடிக்கிறார்கள்!

"பெரிய விஞ்ஞானிகளும் கடவுள் பக்தி உள்ளவர்கள்தானே? ஃபாரடே சபைக்குப் போகவில்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். போனார். புஸ்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகும்போதே படித்து முன்னுக்கு வந்தவர் அவர். ஆனால் ஆவிகள் மேஜையைச் சுற்ற வைக்கின்றன என்று லண்டனில் ஊரே கிளம்பியபோது, 1853-ல் அவர் என்ன செய்தார்? கருவி வைத்துச் சோதித்து, மேஜையைத் தள்ளுவது உட்கார்ந்திருப்பவர்களின் கைகள்தான் என்று காட்டிப் பத்திரிகையிலும் எழுதினார். நமது நாட்டில் 1995 செப்டம்பரில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று படித்தவர்களும் டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அன்று நமது இரசாயனப் பட்டதாரிகளில் எத்தனை பேர், பாலில் சாயம் கலந்துவிட்டு அது வழிந்து எங்கே போகிறது என்று பார்த்தார்கள்?

நிற்க. இந்தப் படிப்புக்கு உண்மையில் பாத்தியதை உள்ளவர்கள் யார்? பனையேறி கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார். தடவாவிட்டால் கள், தடவினால் பதநீர். சுண்ணாம்பின் காரம் சர்க்கரையைப் புளிக்க வைக்கும் கிருமிகளை அடக்கிவிடுகிறது. சலவைத் தொழிலாளி உவர்மண் எடுத்து வெள்ளாவி வைத்தார். அதிலிருப்பது சோடா, எண்ணெய் அழுக்கை அறுக்கிறது. தோல் பதனிடுகிறவர் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரைக் கழற்றி, ஆவாரம் பட்டைச் சாற்றில் போடுகிறார். பட்டையின் துவர்ப்புச் சத்து தோலோடு பிணைந்து அழுகாமல் காக்கிறது. இவையெல்லாம் இரசாயனமல்லாமல் வேறென்ன? இதைச் செய்தவனுக்கு நாம் கொடுத்த பட்டமென்ன? கீழ்ச்சாதி, தீட்டு, ஊருக்கு வெளியே சேரி!

இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி இதே தோல் பதனிடும் தொழிலை ஆராய்ந்தார். நமது நாட்டுக் காசுக்கட்டியையும் சோதித்து 1803-ல் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். 1805-ல் அந்தச் சங்கமே அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. பின்னால் அவரே அதற்குத் தலைவருமானார். தோலைத் தொட்டதற்காக அவரை யாரும் குளித்துவிட்டு வரச் சொல்லவில்லை.

இது ஏதோ சுயமரியாதைக்காரன் வயிற்றெரிச்சல் என்று எண்ண வேண்டாம். கல்கத்தாவில் இரசாயனப் பேராசிரியராயிருந்த பி.சி.ராய், 1902-ல் முதல் பாகம் வெளியிட்ட தமது இந்து இரசாயன சரித்திரத்தில், கைத்தொழிலைத் தாழ்ந்த சாதிக்குத் தள்ளி, மூளை வேலையை வேறு சாதி எடுத்துக்கொண்டதாலேயே இந்நாட்டில் ஆராய்ச்சி புத்தி அற்றுப் போயிற்று என்று எழுதியிருக்கிறார். கை அறிந்ததை எழுதி வைக்க ஏட்டறிவு விடவில்லை. ஏடு அறிந்தவன் கையால் தொட்டுப் பார்க்கவில்லை.

1950-ல் சென்னை ஐக்கோர்ட்டு கம்யூனல் ஜி.ஓ. செல்லாது என்றபோது தமிழ்நாடே கொதித்தெழுந்ததும், 1951-ல் அரசியல் சட்டமே திருத்தப்பட்டதும் எதற்காக? பனையேறி மகளும் தோல் பதனிடுகிறவர் மகனும் இந்தச் சாலைக்குள் நுழைவதற்காகத்தான். இன்று நுழைந்திருக்கிறார்கள். என்னை அழைத்துப் போன வாலிபரின் பாட்டனாரும் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்தவர்தான். அப்படி வந்த பிள்ளையை அங்கே நிறுத்தி, அவன் பாட்டனைத் தீட்டென்று சொன்ன அதே மந்திரத்துக்கு எதிரில் பியூரெட்டுக்குப் பொட்டு வைக்கச் சொல்வதென்றால், இதைவிட மானக்கேடு வேறு உண்டா?

அவர் பொட்டு வைக்கவில்லை. "உனக்குப் பிராக்டிகல் மார்க் வேண்டாமா?" என்று ஓர் உதவியாளர் சிரித்துக்கொண்டே கேட்டாராம். சிரிப்பாகச் சொன்னதோ, மிரட்டலாகச் சொன்னதோ, பரீட்சை முடிவு வரும்போது பார்த்துக் கொள்வோம். கல்லூரித் தலைவருக்கு நாலு மாணவர்கள் கையெழுத்திட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். சோதனைச் சாலையில் சோதனை தவிர வேறெதுவும் நடக்கக்கூடாது என்பதே அதிலுள்ள ஒரே வரி. மற்ற ஊர்த் தோழர்களும் தங்கள் ஊர்க் கல்லூரிகளில் இதைச் செய்யலாம்.

காலேஜ் வாசற்படி மிதிக்காத தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டு வரும்போது, மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கரைத்ததும் இரத்தச் சிவப்பாவதைத் திருஷ்டி கழியும் அதிசயமாகச் சொல்லுவார்கள். ஓர் எலுமிச்சம்பழம் கொண்டுபோய், எல்லாரும் பார்க்க அதில் பிழிந்துவிடுங்கள். சிவப்பு மாறித் திரும்ப மஞ்சளாகிவிடும். பெண் வீட்டார் கோபித்துக் கொண்டால், பந்தி முடிந்த பிறகு பிழியுங்கள்.